மூன்றாவது விசில்

கணக்கை மூடப் போகிறேன் என்றதும்
காரணம் கேட்டது.
ஏழு காரணங்களை அதுவே எழுதி வைத்திருந்தது.
என்னுடையது அதில் இல்லை.
'மற்றவை' என்பதைத் தொட்டேன்.

அப்புறம் ஐந்து முகங்களைக் காட்டி
இவர்களெல்லாம் உன்னைத் தேடுவார்கள் என்றது.
நான்காவது முகம் ஃபிலோமினா.

ஃபிலோமினா செத்து
இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

ஆறு வருஷம் ஒரே லேடீஸ் டப்பா.
கோவண்டியில் ஏறி
சுன்னாபட்டி வரை கைப்பையை வைத்து
எனக்கு இடம் பிடித்து வருவாள்,
சண்டை போட்டாவது.
அவள் ஆபீஸ் பேலாப்பூருக்கு மாறியது. எதிர்த்திசை ரயில்.
அப்புறம் அவள் போட்ட ஒவ்வொரு படத்துக்கும்
நான் ஒரு இதயம் போட்டேன்.
ஒரு ஜன்னல் படம், வெளியே குல்மோஹர் பூத்திருந்தது.
அதற்கும் போட்டேன்.
ஆஸ்பத்திரி ஜன்னல் என்று பிறகு தெரிந்தது.

செய்தி வந்த அன்று பிளாட்ஃபாரத்தில் நின்றபடி
கைகூப்பிய பொம்மை ஒன்றைக் கீழே வைத்தேன்.
நான் துக்கம் விசாரித்தது அவ்வளவுதான்.
எனக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு பேர்
அதே கையைக் கூப்பியிருந்தார்கள்.

மூடினேன்.

முதல் வாரம் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினேன்.
எழில் எடுத்ததுமே
"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.
ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன்.
"சும்மாவா?"
கடைசிவரை நம்பவில்லை.
பெரியப்பா மகன் தாமோதரன்
எவ்வளவு வேணும், மாசக் கடைசியாச்சே என்றான்.
ஹமீதா அழைப்பை வெட்டிவிட்டு
மெசேஜ் பண்ணேன் என்று மெசேஜ் பண்ணினாள்.

கட்டைவிரல் மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை.
மாவு பிசையும்போதும்
எதையோ மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

மெகா பிளாக் இல்லாத ஒரு ஞாயிறு.
ஹார்பர் லைனில் நான்கே ஸ்டேஷன்:
குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி.
இதற்கா இரண்டு வருஷம்.
என்ன வாங்கிப் போவதென்று தெரியாமல்
பிஸ்கட் வாங்கினேன்.
ரயில் நகர்ந்த பிறகு
பிஸ்கட் சரியில்லை என்று பட்டது.
ஜன்னல் வழியே மழை வந்து
அதையும் நனைத்தது.

சவரிமுத்து கதவைத் திறந்தார்.
என்னைத் தெரியவில்லை அவருக்கு.
பெயரைச் சொன்னேன்.
பதில் சொல்லாமல் உள்ளே போய்
அலமாரிக்கு மேலிருந்து
ஒரு எவர்சில்வர் தூக்கை இறக்கிக்கொண்டு வந்தார்.
மூடியில், புள்ளி புள்ளியாய், என் முழுப் பெயர்:
மு. மங்கையர்க்கரசி.
காய்ச்சல் என்றாளே,
அப்போது ரசம் ஊற்றிக் கொடுத்த தூக்கு.

"அவ போன்ல உங்க போட்டோ இருந்துச்சு.
நம்பர் இல்ல.
திருப்பித் தரணும்னு சொல்லிட்டே இருந்தா."

அவளைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.
குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி நிறைய.
தூக்கை என்னிடம் தரப்போனவர்
வெறுமனே தரக்கூடாதென்று
திரும்பப் போய் ஒரு கை சர்க்கரை போட்டார்.

சாவு வீட்டில்
போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது.
இரண்டு வருஷம் பிந்திப் போனால் என்ன விதி?
செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.
"நம்பர் சொல்லுங்க" என்றார்.
காஸ் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்,
ஒவ்வொரு இலக்கமாய்த் திருப்பிச் சொல்லி.

புதன் ராத்திரி, தெரியாத எண்.
"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றது குரல்.
யாருக்கு என்ன ஆச்சு என்று
எனக்கும் வாய்வரை வந்துவிட்டது.

இருவருக்கும் சொல்ல எதுவும் இல்லை.
போனைத் தோளில் இடுக்கி வெண்டைக்காய் நறுக்கினேன்.
அவர் பக்கம் மின்விசிறி கடகடத்தது.
குக்கர் கூவியது.
இன்னொரு தரம்.
வைத்துவிட்டாரோ என்று நினைத்த நேரத்தில்
அவர்தான் சொன்னார்:
"மூணு ஆயிடுச்சு. அடுப்ப அணைங்க."